பட்டாசு மருந்தும் ஜீரோ நாலெட்ஜ் ரோலப்பும்

"இந்த பிளாக்செயினை வெச்சு சிவகாசிப் பட்டாசுக்கு ஏதாச்சும் செய்ய முடியுமா?" விருதுநகர் பக்கத்து நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. விளையாட்டுக் கேள்வி இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் விற்கலாம், பேரியம் உப்பு கூடாது என்றது. (வாணவெடியில் பச்சை ஒளி தருவதே பேரியம்தான். பசுமைப் பட்டாசில் அது இருக்கக் கூடாது. என்னத்தைச் சொல்ல!) நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் சான்று தர, பெட்டியில் கியூஆர் கோடு ஏறியது. 2021 அக்டோபர் 29 உத்தரவில், அந்தக் கோடுகளிலேயே போலி இருப்பதாக வந்த புகாரை நீதிமன்றம் குறிப்பிட்டது. யாரோ ஒட்டின போலிக் கோடு, ஒழுங்காத் தொழில் பண்றவரின் பெட்டியையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கிறது.

இதற்கு ரோலப் உதவுமா என்று பார்க்கும் முன், அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எத்தீரியம் மெதுவானது. நொடிக்குச் சுமார் 15 பரிவர்த்தனைதான் என்று ரொம்ப நாள் ஓடியது. காரணம் எளிது: வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினியும் எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டுப் பார்க்கிறது. பஜாரில் ஒரு கடையில் போட்ட ஒவ்வொரு பில்லையும் மற்ற எல்லாக் கடைக்காரரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் வியாபாரம் நடக்குமா?

லேயர்-டூ என்பது இந்த வேலையை வெளியே நகர்த்துவது. ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை வெளியே ஒரு கணினி ஓட்டுகிறது. எத்தீரியத்துக்குப் போவது மூன்றுதான்: சுருக்கிய பரிவர்த்தனைத் தரவு, புது இருப்பு நிலையின் கைரேகை போன்ற ஒரு எண், அந்த நிலை விதிப்படிதான் வந்தது என்பதற்கான கணிதச் சான்று. அந்தச் சான்றை உருவாக்க நிறையக் கணிப்பு வேண்டும். சரிபார்ப்பதோ நொடி வேலை. சிலவகைச் சான்றுகள் சில நூறு பைட்தான். சான்று பொருந்தாவிட்டால் எத்தீரியத்தில் இருக்கும் ஒப்பந்த நிரல் புது நிலையை ஏற்காது. வெளியே கணக்கு போடுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அவர் கடையை மூடிவிட்டு ஓடினாலும், தரவு எத்தீரியத்தில் இருப்பதால் இருப்பைத் திரும்பக் கட்டலாம். ஆப்டிமிஸ்டிக் ரோலப்பில் இந்தச் சான்று கிடையாது. ஆட்சேபம் வருதா என்று சுமார் 7 நாள் காத்திருக்க வேண்டும்.

நம்ம நாட்டுக்காரர்கள் 2017-ல் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கிய பாலிகான், 2023 மார்ச்சில் இப்படியொரு ரோலப்பை வெளியிட்டது. பலரும் பயன்படுத்தும் பழைய பாலிகான் சங்கிலி இது இல்லை, அது வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். அந்த ரோலப்பை 2026-ல் மூடப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 1985-ல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் எழுதிய கட்டுரையில் ஜீரோ நாலெட்ஜ் என்பது ரகசியத்தைக் காட்டாமல் உண்மையை நிரூபிப்பது. ஆனால் பெரும்பாலான ரோலப்கள் எதையும் மறைப்பதில்லை. சான்றின் சின்ன அளவுதான் அவர்களுக்கு வேண்டியது.

சிவகாசிக்கு வேண்டியது, ரோலப்காரர்கள் ஒதுக்கிவைத்த அந்த ரகசியப் பாதிதான் என்பது என் கட்சி. மருந்துக் கலவை ஒவ்வொரு ஆலைக்கும் தொழில் ரகசியம். நீரியும் ஆலைகளோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுத்தான் வேலை செய்தது. ஆய்வகம் டிஜிட்டல் கையெழுத்திட்ட அறிக்கை ஆலையிடம் இருந்தால், "இந்த அறிக்கையில் பேரியம் இல்லை" என்பதை மட்டும், மற்ற விகிதம் எதையும் காட்டாமல், நிரூபிக்க முடியும். ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கான சான்றுகளை ஒன்றாகக் கட்டி, ஒரே சான்றாகச் சங்கிலியில் ஏற்றுவதும் நடக்கிற காரியம்.

ஆனால் கணிதம் அறிக்கையோடு நின்றுவிடும். ஆய்வகத்துக்குப் போன மாதிரியில் ஒரு மருந்து, கலவை அறையில் வேறு மருந்து என்றால் சான்று பச்சைக் கொடிதான் காட்டும். ஒரு நல்ல பெட்டியின் கியூஆர் கோடை நகலெடுத்து நூறு பெட்டியில் ஒட்டினாலும் அப்படியே. பெட்டிக்கு ஒரு தனி எண் கொடுத்து, அது முதலில் எந்த ஊரில் ஸ்கேன் ஆனது என்று பதிந்தால் நகல் மாட்டும். அதுக்கு பிளாக்செயின் கட்டாயமில்லை, ஒரு சாதாரணத் தரவுத்தளமே போதும். கலவை அறையில் திடீர்னு போய் மாதிரி எடுக்க ஒரு ஆள் வேணும். அந்த வேலையை எந்த ரோலப்பும் செய்யாது.