புது கம்ப்யூட்டர் எதற்கு... எந்த பார்ட்ஸை மாற்றினால் போதும்?

ஹால் மூலையில் துணி போர்த்தி வைத்த கம்ப்யூட்டர் பல வீடுகளில் இருக்கிறது. 2016, 2017 வாக்கில் தெரிந்த பையன் ஒருவன் பார்ட்ஸ் வாங்கிப் பூட்டிக் கொடுத்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கல்லூரியில் சேர்ந்த மகள், ``இதுல ஒண்ணுமே பண்ண முடியலைப்பா, புதுசு வாங்கிடலாம்'' என்கிறாள். அப்பாவின் கையில் இருப்பதோ 15,000 ரூபாய். கல்லூரி பஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டியதும் இதே மாதம்தான்.

இப்படி ஒரு வீட்டில், பணத்தை எந்த பார்ட்ஸில் முதலில் போடுவது என்பதுதான் கேள்வி. அதில் தப்பு செய்தால் 15,000 ரூபாயும் போய், கம்ப்யூட்டரும் பழையபடியே நிற்கும்.

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் அதைத் திறந்து, பிராசசர், மெமரி, டிஸ்க் ஆகியவற்றில் எது 100 சதவிகிதத்தை ஒட்டி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து வருடப் பழைய மெஷின் என்றால், பெரும்பாலும் சிவந்து நிற்பது டிஸ்க்தான். பழியோ பிராசசர் மேல் விழும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஒரு தட்டு இருக்கிறது. ஊசி போன்ற ஒரு கை, அந்தத் தட்டில் தகவல் இருக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ப் படிக்கச் சுமார் 10 மில்லி செகண்ட். அதாவது ஒரு நொடியில் நூறு இடம்தான். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். எஸ்.எஸ்.டி-யில் சுற்றுகிற தட்டும் கிடையாது, தேடுகிற கையும் கிடையாது. அதனால்தான் அதே பிராசசர், அதே போர்டு இருக்க, எஸ்.எஸ்.டி மட்டும் மாற்றிய வீட்டில் ``புது கம்ப்யூட்டர் மாதிரி இருக்கே'' என்கிறார்கள்.

பழைய போர்டு என்றால் சாட்டா வகை எஸ்.எஸ்.டி போதும். குச்சி வடிவில் வரும் எம்.2 வகை இன்னும் வேகமானது என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதைச் செருக போர்டில் இடம் வேண்டும். டி.டி.ஆர் 3 காலத்து போர்டுகளில் பெரும்பாலும் அந்த இடமே இருக்காது. அப்படியே இருந்தாலும் சிலவற்றில் சாட்டா வகை மட்டும்தான் ஓடும், சிலவற்றில் என்.வி.எம்.இ மட்டும்தான் ஓடும். போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். இன்னொரு சின்ன விஷயம். எஸ்.எஸ்.டி பெட்டிக்குள் பெரும்பாலும் சாட்டா கேபிள் வராது. அதைத் தனியாகக் கேட்டு வாங்கவில்லையென்றால், வீட்டுக்கு வந்த பிறகு கேபிளுக்காக மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

தங்கமாகிப்போன ரேம்

அடுத்தது ரேம். 4 ஜி.பி ரேமில் பிரவுஸரில் நாலு டேப் திறந்தாலே மெமரி நிரம்பிவிடும். 8 ஜி.பி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. ஆனால், இங்கேதான் கை கடிக்கிறது. 2025-ன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறு ஏறென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். `க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி-யும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்.எஸ்.டி-யையும் இந்த விலையேற்றம் விடவில்லை. ஆகவே போன வருஷம் யாரோ சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் அதிர்ச்சிதான் மிஞ்சும்.

அதனால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரேமைக் காப்பாற்றுவது இப்போது பெரிய விஷயம். அது டி.டி.ஆர் 3-யா, 4-ஆ என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டிலும் வெட்டுப் பள்ளம் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. போர்டில் ஓர் இடம் காலியாக இருந்தால், பழையதைக் கழற்றாமல் பக்கத்தில் இன்னொன்றைச் செருகலாம். ஒரே அளவில் இரண்டு ரேம் இருந்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் வேகமும் கொஞ்சம் கூடும். ரேமுக்கு வாரன்டி நீளம், கெட்டுப்போவதும் குறைவு என்பதால், பில்லோடு கிடைக்கும் பழைய ரேமை வாங்குவதிலும் தப்பில்லை.

பொருந்தும், ஓடாது!

ஏமாறும் இடம் பிராசசர். பழைய ஐ3-ஐக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று போடலாமே என்று ஆசை வரும். 6, 7-ம் தலைமுறை இன்டெல் பிராசசர்களும், 8, 9-ம் தலைமுறை பிராசசர்களும் ஒரே எண்ணுள்ள சாக்கெட்டில்தான் உட்காரும். எண் 1151. ஆனால், எச்110 போன்ற பழைய போர்டில் 8-ம் தலைமுறை பிராசசரைப் போட்டால் அது அழகாக உட்காரும், ஸ்க்ரீனில் மட்டும் எதுவும் வராது. ``சாக்கெட் ஒண்ணுதான் சார், போட்டுக்கலாம்'' என்று யாராவது சொன்னால், போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த போர்டு ஏற்கும் பிராசசர்களின் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் ஏ.எம்.டி-யின் ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-ல் வாங்கிய போர்டில்கூட, கம்பெனி பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தால், ரைசன் 5000 வரிசை பிராசசர் பலவற்றில் ஓடும்.

எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் பெயரின் கடைசியில் `எஃப்' என்று இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.4 ரைசனில் `ஜி' இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அதே கதைதான். சில நூறு ரூபாய் குறைகிறதே என்று வாங்கிவிட்டு, மானிட்டரில் படம் வர கிராபிக்ஸ் கார்டு தேடி அலைந்தவர்கள் உண்டு.

அப்படியானால் பழைய பிராசசரோடே காலம் தள்ளலாமா? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி வைத்தது. விண்டோஸ் 11-க்கோ இன்டெல்லில் ஏறக்குறைய 8-ம் தலைமுறையும், ரைசனில் 2000 வரிசையும், கூடவே டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இவை இல்லாத மெஷினிலும் சுற்று வழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் அதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அந்த கம்ப்யூட்டரில்தான் பேங்க் கணக்கும் பார்க்கிறார்கள் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

பிரவுஸர், ஆன்லைன் வகுப்பு, கடிதம் அடிப்பது இவ்வளவுதான் வேலை என்றால் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் நல்ல வழி. அதில் தமிழிலும் டைப் செய்யலாம். டேலி போன்றவை வேண்டுமென்றால் விண்டோஸ்தான்.

விண்டோஸ் 11 கட்டாயம் தேவை என்றால் போர்டும் பிராசசரும் சேர்த்து மாற வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்டெல்லின் 12-ம் தலைமுறைக்கான எச்610 போர்டு, டி.டி.ஆர் 4, டி.டி.ஆர் 5 என இரண்டு வகையாகவும் வருகிறது. டி.டி.ஆர் 4 வகையைக் கேட்டு வாங்கினால் வீட்டிலுள்ள ரேம் அப்படியே அதில் உட்காரும். இன்று வாங்கிய எஸ்.எஸ்.டி-யும் கூடவே போகும். ஆறு மாதம் கழித்து அடுத்த தவணை செலவு செய்தாலும் முதல் தவணை வீணாகாது என்பதுதான் அந்த அப்பாவுக்குத் தேவையான கணக்கு.

எஸ்.எம்.பி.எஸ்-ஸில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கேபினட்டோடு இலவசமாக வரும் டப்பாவில் 450 வாட்ஸ் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரிந்துவிடும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்ஸ், அவ்வளவுதான். 80 பிளஸ் முத்திரை இருப்பதை வாங்குவது நல்லது. மின்சாரம் அடிக்கடி வந்து போகும் ஊரில் மட்டமான எஸ்.எம்.பி.எஸ் வெடித்தால், கூடவே போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆபீஸ் ஏலத்தில் வாங்கிய டெல், எச்.பி மெஷின்கள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். கடையில் கிடைப்பது அதில் சேராது.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. முதல் கடையிலேயே வாங்காமல் மூன்று கடையாவது ஏறி இறங்கி விலை கேட்பது அங்கே வழக்கம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போர்டு, ரேம், எஸ்.எம்.பி.எஸ் லேபிள் மூன்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பில்லில் சீரியல் எண் எழுதி வாங்காவிட்டால் வாரன்டி வெறும் பேச்சுதான். ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு 2 டி.பி எஸ்.எஸ்.டி தெரிந்தால், நம்பாமல் இருப்பதே நல்லது. அளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் நிறைய.

ஆரம்பத்தில் பார்த்த வீட்டில் இந்த மாதம் எஸ்.எஸ்.டி-யும் ஒரு ரேமும் வாங்கி, மிச்சத்தை பஸ் பணத்துக்கு எடுத்து வைக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைக்காரர் ``ஃபார்மேட் பண்ணிடலாமா?'' என்று சாதாரணமாகத்தான் கேட்பார். ``சரி'' என்று தலையாட்டினால், காதுகுத்து போட்டோவும், தாத்தா பேசிய வீடியோவும் அத்தோடு போய்விடும். எனவே முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறியாமல், அதே கேபினட்டில் இரண்டாவது டிஸ்க்காகப் பூட்டிவிடச் சொல்ல வேண்டும். விண்டோஸின் பாரம் இறங்கிய பிறகு, போட்டோவும் பாட்டும் வைத்துக்கொள்ள அதன் வேகம் தாராளம்.