டூமுக்கு ஒரு வாய்ப்பூட்டு!

கம்ப்யூட்டரில் பேய் சுடுகிற ‘டூம்’ விளையாட்டு ஞாபகமிருக்கிறதா? 1993 டிசம்பரில் அமெரிக்காவின் ‘இட் சாஃப்ட்வேர்’ வெளியிட்டது. கதவுக்குப் பின்னால் எதுவோ உறுமும். நமக்கு அடிவயிறு கலங்கும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு லைசென்ஸ் சமாசாரமே இருக்கிறது.

அந்த நாளில் இடப் பஞ்சம். சி.டி. தரத்தில் ஒலியைப் பதிந்தால் ஒரு ஃப்ளாப்பிக்கு எட்டே விநாடி! ரெண்டு தும்மல், ஒரு இருமல், ஃப்ளாப்பி ஃபுல். அதனால் உறுமலை விநாடிக்கு 11,025 பைட் என்று சிக்கனமாகப் பதிந்தார்கள். குட்டிக் குட்டிச் சத்தங்கள்தானே, சமாளித்துவிடலாம். நிமிஷக்கணக்கில் ஓடுகிற பாட்டுக்கு என்ன பண்ணுவது?

அதற்குத்தான் ‘மஸ்’ என்ற தனி ஃபார்மட். அதில் ஒலியே கிடையாது சார்! ‘இந்த ஸ்வரத்தை அடி, இப்போ நிறுத்து’ என்று குறிப்பு மட்டும். வித்வான், நம்ம சவுண்ட் கார்டு. நல்ல கார்டு என்றால் கச்சேரி. மட்டமானது என்றால் திருவிழாக் கடை பொம்மை பியானோ. எல்லோரும் உபயோகித்த ‘மிடி’யைத்தான் இன்னும் சுருக்கி மடித்திருந்தார்கள். தாளத்துக்கு மிடியில் பத்தாவது சேனல். மஸ்ஸிலோ கடைசி சேனல். இது தெரியாமல் வாசித்தால் மிருதங்கம் பியானோவாகிவிடும்!

வம்பு எங்கே என்றால், இதை வாசிக்கிற ‘டி.எம்.எக்ஸ்’ புரோகிராம் அவர்களுடையதே அல்ல. பால் ராடெக் என்பவரிடம் லைசென்ஸ் வாங்கியது. 1997-ல் ஜான் கார்மாக் டூமின் மூல நிரலை ஊருக்கே இலவசமாகக் கொடுத்தபோது இது குறுக்கே படுத்துக்கொண்டது. உலகமே விளையாடிய டாஸ் பதிப்பைக் கொடுக்க முடியவில்லை. லினக்ஸ் பதிப்பைத்தான் கொடுத்தார். அந்த சவுண்ட் லைப்ரரியை வாங்கியது தப்பு, இப்போதெல்லாம் நானே எழுதிக்கொள்கிறேன் என்று கூடவே ஒரு குறிப்பு வேறு. வீட்டைத் தானம் பண்ணப் போனவருக்கு வாசற்கதவு இரவல் என்று அப்போதுதான் உறைத்தது மாதிரி!

ரசிகர்கள் விடுவார்களா? மஸ்ஸை பைட் பைட்டாகப் பிரித்து மேய்ந்து, தாங்களே வாசிப்பான் எழுதிவிட்டார்கள். ‘சாக்லேட் டூம்’ என்று ஒன்று இருக்கிறது. பழைய கார்டிலிருந்த யமஹா சில்லு எப்படிக் கரகரத்ததோ, அச்சு அசலாக அப்படியே கரகரக்கிறது. போன வாரம் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, மிக்ஸி மறுபடியும் ரிப்பேரா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.