ஆடும் எழுத்தை யார் படிப்பது?

2021 ஜனவரி 12 அன்று, அடோபி நிறுவனம், வலைப்பக்கங்களில் அசைவூட்டங்களை ஓட்டிவந்த தன் ஃபிளாஷ் பிளேயரில் எதுவும் ஓடாதபடி தடுத்தது. இது திடீர் முடிவல்ல. 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள், மூன்றரை ஆண்டு அவகாசமும் இருந்தது. அப்படியும் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் சில வரிப் படிவங்கள் அந்த நாளில் ஃபிளாஷிலேயே கிடந்தன. அவற்றை மாற்றி முடிக்கும்வரை ஃபிளாஷ் ஓடக்கூடிய தனி பிரவுசர் ஒன்றை அந்தத் துறையே வெளியிட்டது. வரி கட்டியாக வேண்டியவர்கள் அதையும் இறக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காகவோ கல்லூரிக்காகவோ யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

ஃபிளாஷ் தளங்களுக்குச் சிக்கல் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 2007இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் ஓடவே இல்லை. 2008இல் கூகுள் ஃபிளாஷ் கோப்புக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தொடங்கியது. ஆனால் முழுத் தளமும் ஒரே கோப்பாக, ஒரே முகவரியில் இருந்தால் உள்ளே இருக்கும் ‘கட்டண விவரம்’ பக்கத்துக்கு யாரை எப்படி அனுப்புவது? 2019இல் கூகுள் அந்த வாசிப்பையும் கைவிட்டது.

ஃபிளாஷ் போனாலும் ஆட்டத்தின் மீதுள்ள ஆசை போகவில்லை. இன்று ஸ்க்ரோல் செய்யச் செய்ய எழுத்து மிதந்து வருகிறது, பொருள் முப்பரிமாணத்தில் சுழல்கிறது, பக்கம் திறக்குமுன் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண் ஓடுகிறது. எல்லாம் திறந்த தொழில்நுட்பம்தானே, கூகுள் படித்துவிடும் என்று தளம் கட்டித்தருபவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை.

கூகுளின் தேடல் ரோபோ 2019 முதல் புதிய குரோமைக் கொண்டே பக்கங்களைத் திறக்கிறது, ஜாவாஸ்கிரிப்டையும் இயக்குகிறது. ஆனால் அது ஸ்க்ரோல் செய்யாது, பட்டனை அழுத்தாது. பக்கத்தை மிக உயரமான ஒரு ஜன்னலில் திறந்து, அதில் வந்து சேர்ந்ததை எடுத்துக்கொள்கிறது. ஆகவே எழுத்து முதலிலிருந்தே பக்கத்தின் மூலக்குறியில் இருந்து, பார்வைக்கு மட்டும் மங்கலாக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் சேதமில்லை. ஸ்க்ரோல் நடந்த பிறகுதான் சர்வரிலிருந்து வரும் எழுத்து என்றால், ரோபோவைப் பொறுத்தவரை அது இல்லை. கேன்வாஸில் வரையப்பட்ட தலைப்பு, வீடியோவில் ஓடும் விலைப்பட்டியல், கோடுகளாக மாற்றப்பட்ட எழுத்து ஆகியவற்றிலும் படிக்க எழுத்தே கிடையாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டும் அழகைப் பார்ப்பதில்லை, மூலக்குறியில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தேடுகின்றன. அதனால் ஒன்றிடம் தோற்கும் தளம் மற்றதிடமும் தோற்பது வழக்கம்.

தளம் மெதுவானால் தேடலில் பின்தங்கிவிடும் என்ற பயமுறுத்தல் சற்று மிகை. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும் என்று கூகுள் அளவு வைத்திருக்கிறது. ஆனால் பொருத்தமான உள்ளடக்கத்துக்கே முதலிடம் என்று அதுவே சொல்கிறது. கவனிக்க வேண்டியது வேறு: இந்த அளவுகள் உண்மையான குரோம் பயனர்களிடமிருந்து திரட்டப்படுகின்றன. வடிவமைப்பாளரின் விலையுயர்ந்த மேக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது கணக்கில் வராது. வாடிக்கையாளரின் மலிவு ஆண்ட்ராய்டில் திக்கியதுதான் வரும்.

உடலுக்கு நேரும் கேடு மிகையல்ல. 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 2007இல் லண்டன் ஒலிம்பிக் சின்னத்தை அறிமுகம் செய்த அனிமேஷனின் ஒரு பகுதி சிலருக்கு வலிப்பைத் தூண்டியதாகப் புகார் வந்ததும் தளத்திலிருந்து அகற்றப்பட்டது. 2013இல் ஐஓஎஸ் 7இன் ஜூம் அசைவு குமட்டுகிறது, தலைசுற்றுகிறது என்று பயனர்கள் முறையிட்டார்கள். அடுத்த மாதமே வந்த 7.0.3 பதிப்பில் அதை நிறுத்த ஆப்பிள் வழி செய்தது. உள்காதின் சமநிலை உறுப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு, உடல் அசையாதபோது திரை மட்டும் பாய்ந்தால் இப்படித்தான் ஆகும்.

விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது. தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் எதையும் நிறுத்த வழி வேண்டும். உலக வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் சொல்வது இது. போனில் ‘அசைவைக் குறை’ என்று வைத்திருப்பவரை அடையாளம் காணும் வசதி 2019க்குள் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துவிட்டது. ஆனால் அந்த விருப்பத்தைத் தளம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்காத தளம் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தலைப்பை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பறக்கவிடும் நிரல்கள் பல, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. யுனிகோடில் ‘கொ’ என்பது க என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்தது. நிரல் அந்த இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டால் க ஒரு பக்கம் போகும், புள்ளி வட்டத்தைச் சுமந்த கொம்பும் காலும் இன்னொரு பக்கம் போகும். ‘அம்மா’வின் மெய்ப்புள்ளிக்கும் இதே கதி. திரைவாசிப்பானோ சொல்லை விட்டுவிட்டுத் துண்டுகளை வாசிக்கலாம். ஜிசாப் என்ற பிரபலமான அனிமேஷன் நிரல் நூலகம் 2025இல் தன் எழுத்துப் பிரிப்பானைத் திருத்தி, முழுச் சொல்லையும் திரைவாசிப்பானுக்குத் தனியே தரும் ஏற்பாட்டைச் சேர்த்திருக்கிறது. பழைய பதிப்பிலேயே ஓடும் தளங்களுக்கு அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது.

இந்தியாவில் சட்டமும் நெருங்கிவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியை உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. 2025 ஏப்ரலில், டிஜிட்டல் அணுகலும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

புதிய தளத்துக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பவர் அதற்குமுன் மூன்று சோதனைகளைத் தானே செய்யலாம், நிரல் தெரிய வேண்டியதில்லை. கூகுள் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து, ரோபோவுக்குக் கிடைத்த பக்கத்தில் விலையும் விலாசமும் இருக்கின்றனவா என்று தேடுவது. போனில் அசைவைக் குறைத்துவிட்டுத் தளத்தைத் திறப்பது. பிறகு மவுஸை ஒதுக்கிவைத்து, டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே ‘தொடர்புக்கு’ பக்கம் வரை போவது. பல ஆட்டத் தளங்கள் இந்த மூன்றாவதில் மாட்டிக்கொள்கின்றன: விசை நகர்கிறது, ஆனால் எந்த இணைப்பின் மேல் நிற்கிறது என்று திரையில் தெரிவதில்லை.