கோளரங்கத்தில் ஒரு நாள்... காசுக்குத் தகுமா?

லீவு விட்டதுமே வீட்டில் முதல் கேள்வி, "எங்கேம்மா கூட்டிட்டுப் போறீங்க?" தி.நகர் பக்கம் போனால் பர்ஸ் காலி. மாலில் அரைமணி நேரம் பிள்ளைகள் விளையாடினாலே ஒரு வாரக் காய்கறிச் செலவு போய்விடும். அப்போதுதான் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கமும், அதே வளாகத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் நினைவுக்கு வரும். கூடவே ஒரு தயக்கம்: 'நாம சின்ன வயசுல பார்த்ததுதானே, இதுக்கு ஒரு நாளா?'

டிக்கெட் பெரிய செலவில்லை. மல்டிபிளெக்ஸ் சினிமாவை விடக் குறைவுதான். கையைக் கடிப்பது ஆட்டோவும் ஓட்டல் சாப்பாடும். மயிலாப்பூர்க்காரர்கள் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கோட்டூர்புரம். அங்கிருந்து மட்டும் ஆட்டோ பிடிக்கலாம். பையில் புளிசாதம் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

1988-ல் திறக்கப்பட்ட கோளரங்கம்தான் இங்கே முதல் காரணம். சென்னை மொட்டை மாடியில் நின்று எண்ணிப் பாருங்கள், தெருவிளக்கு வெளிச்சத்தில் சில நட்சத்திரங்கள்தான் தெரியும். பால்வீதி தெரியவே தெரியாது. தாத்தா பாட்டி கிராமத்து வாசலில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்த அந்த வானத்தை, நம் பிள்ளைகள் 15 மீட்டர் குவிமாடத்துக்கு அடியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் காட்சிகள் உண்டு. நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குப் பயப்படும் நாலு வயசுக் குழந்தைக்கு இது வேண்டாம். அதற்குக் கிண்டி சிறுவர் பூங்கா மான்களே போதும்.

காசு வீணாவது காட்சிக்கூடங்களில்தான். எல்லாப் பொத்தானையும் தட்டிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு ஓடினால் ஒன்றும் மனதில் நிற்காது. 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' தொடங்கியது, பிள்ளைகள் தொட்டு, செய்து பார்த்துக் கற்கட்டும் என்றுதான். அதற்கு நிதானம் வேண்டும். ஐந்தாறு பொருள் போதும், பலகையைப் படித்துக் காட்டுவதைவிட, "ஏன் இப்படி ஆகுது?" என்று கேளுங்கள். நேரமிருந்தால் பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம், சிறுவர் பிரிவுடன்.

தகுமா என்பதற்கான பதில் அன்றைக்குக் கிடைக்காது. ராத்திரி சாப்பிடும்போது எவர்சில்வர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மா, இந்தப் பக்கம் நான் தலைகீழா தெரியறேன், அந்தப் பக்கம் நேரா இருக்கேன், அங்கே பார்த்த கண்ணாடி மாதிரியே!" என்று பிள்ளை சொன்னால், ஆட்டோ காசு வசூல்.