சங்கம் யாருக்கு உரியது?



கல்லூரி என்பது வகுப்பறையும் தேர்வும் மட்டும் அன்று. தமிழ் மன்றம், நாடகக் குழு, நாட்டு நலப்பணித் திட்டம் என எத்தனையோ அமைப்புகள் அங்கு உண்டு. அவற்றுள் ஒன்றிலேனும் நீங்கள் உறுப்பினராக இருப்பீர்கள். அந்த அமைப்பு யாருக்கு உரியது என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இன்று அதில் இருக்கும் உங்களுக்கா? அதைத் தொடங்கிவிட்டுப் படிப்பு முடித்துச் சென்றவர்களுக்கா? அமெரிக்க நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் 1912ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர்கள் இளம் பெண்கள். அவர்கள் கண்ட விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'சோரோரிட்டி' என்னும் ஒருவகை மாணவியர் சங்கம் உண்டு. இலத்தீன் மொழியில் 'சோரோர்' என்றால் உடன்பிறந்தவள் என்று பொருள். ஆகவே இதனைச் சகோதரியர் சங்கம் எனலாம். இச்சங்கங்களின் பெயர்கள் கிரேக்க எழுத்துகளால் ஆனவை. 1776ஆம் ஆண்டில் ஆடவர் தொடங்கிய 'ஃபை பீட்டா கப்பா' என்னும் சங்கம், தன் கிரேக்கக் குறிக்கோள் தொடரின் முதலெழுத்துகளையே பெயராகக் கொண்டது. பின்வந்தவர்கள் அவ்வழக்கத்தைப் பின்பற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் கல்லூரிகளில் சேரத் தொடங்கியபோது, ஆடவர் சங்கங்கள் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. எனவே பெண்கள் தமக்கெனச் சங்கங்கள் கண்டனர். 'சோரோரிட்டி' என்ற சொல்லும், 1874ஆம் ஆண்டில் சிரக்யூஸ் பல்கலைக் கழகத்தில் தோன்றிய ஒரு மாணவியர் சங்கத்துக்காக இலத்தீன் பேராசிரியர் ஒருவர் ஆக்கித் தந்ததே. ஒரு சங்கம் பல கல்லூரிகளில் கிளை பரப்பும்போது, அக்கிளைகள் கிரேக்க நெடுங்கணக்கின் வரிசையில் பெயர் பெறும். முதற்கிளை ஆல்ஃபா, அடுத்தது பீட்டா, அதற்கடுத்தது காமா.

நான் சொல்லப்போவது ஓர் ஆல்ஃபாக் கிளையின் வரலாறு. அது தோன்றிய இடம், தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக் கழகம். அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளுக்குள், 1867ஆம் ஆண்டில் அது நிறுவப்பெற்றது. அதன் கதவு எல்லா இனத்தாருக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும் திறந்திருந்தது. எனினும், கறுப்பின மக்களின் உயர்கல்விக்கு உறைவிடமாகவே அது சிறப்புப் பெற்றது.

அங்கே எத்தெல் ஹெட்ஜ்மன் என்னும் மாணவி பயின்றார். செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்தவர். பிரௌன் பல்கலைக் கழகத்தில் தாம் கண்ட மாணவியர் சங்க வாழ்வை ஆசிரியை ஒருவர் அவருக்கு எடுத்துரைத்தார். அத்தகைய ஒன்று ஹோவர்டிலும் வேண்டும் என்ற ஆசை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. தோழியர் எண்மரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். ஒன்பதின்மரும் கூடி, 1908ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். கறுப்பினக் கல்லூரி மாணவியர் கிரேக்க எழுத்துப் பெயரால் அமைத்த முதற் சங்கம் அதுவே. இளைய வகுப்பு மாணவியர் எழுவரையும் விரைவில் சேர்த்துக்கொண்டனர். தொடங்கியவர்கள் கல்லூரியை விட்டுச் செல்வர் என்பதையும், சங்கத்தைத் தாங்குவதற்கு இளையோர் வேண்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

நான்கு ஆண்டுகள் சென்றன. முதலில் இருந்தவர்கள் பட்டம் பெற்று வெளியேறினர். 1912ஆம் ஆண்டில், படித்துக்கொண்டிருந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் போதவில்லை. ஒரு கல்லூரிக்குள் அடங்கிக் கிடப்பதும், பெரும்பாலும் கலை இலக்கிய நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுவதும் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. பொதுவாழ்வில் இறங்க வேண்டும், நாடெங்கும் கிளைகள் வேண்டும் என்று விரும்பினர். சங்கத்தின் பெயரையும் அடையாளங்களையும் மாற்றவும் முடிவு செய்தனர்.

இச்செய்தி நெல்லி குவாண்டருக்கு எட்டியது. அவர் சங்கத்தின் முன்னாள் தலைவர். அவ்வாண்டுதான் பட்டம் பெற்றவர். பெயரை மாற்றுவதற்கு அவர் உடன்படவில்லை. முன்னோர் இட்ட பெயரைப் பின்னோர் தாமாகவே நீக்கலாமா என்பது அவர் கேள்வி. சங்கத்தில் இருந்து உழைப்பவர் நாங்களல்லவா என்பது இளையோர் வாதம். அன்பர்களே, இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் சிக்கல்.

இணக்கம் ஏற்படவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், மாணவியர் இருபத்திருவர் பிரிந்து 'டெல்டா சிக்மா தீட்டா' என்னும் புதிய சங்கத்தை நிறுவினர். அதே திங்கள் 29ஆம் நாள், குவாண்டரும் அவரைச் சார்ந்தோரும் பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தனர். ஒரு மாணவியர் குழுவின் கருத்து இனிமேல் சங்கத்தின் பெயரையே மாற்றிவிட முடியாதபடி அப்பதிவு காப்பாக அமைந்தது. பதினாறு நாள்களில் ஒன்று இரண்டாயிற்று.

இத்துடன் கதை முடிந்திருந்தால், ஒரு கல்லூரிச் சண்டை என்று நாம் மறந்துவிடலாம். ஆனால் அடுத்து நிகழ்ந்ததைப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாள், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி வாஷிங்டனில் மாபெரும் ஊர்வலம் நடைபெற்றது. புதிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பதவி ஏற்பதற்கு முந்திய நாள் அது. கறுப்பினப் பெண்கள் முன்வரிசைகளில் வருவதை அமைப்பாளர் சிலர் விரும்பவில்லை. ஊர்வலத்தை நடத்திய ஆலிஸ் பாலுக்கு நெல்லி குவாண்டர் பிப்ரவரியிலேயே கடிதம் எழுதினார். ஹோவர்டு மாணவியர் கலந்துகொள்ள விழைகின்றனர். இனத்தின் பெயரால் வேற்றுமை காட்டப்படுமாயின் அவர்கள் வர விரும்பார் என்று அதில் தெளிவுறக் கூறினார். ஊர்வல நாளில், பிரிந்து சென்ற டெல்டா மாணவியர் தம் சங்கத்தின் முதற் பொதுப்பணியாக அதில் நடந்தனர். வழியில் கூட்டத்தினர் ஏசினர், தள்ளினர், ஊர்வலத்தினர் பலர் காயமுற்றனர். இறுதியில் குதிரைப் படையை வரவழைக்க நேர்ந்தது. பிரிந்து இரு திங்கள்கூட ஆகாத நிலையில், இரு சங்கத்தாரின் முயற்சியும் ஒரே உரிமையை நோக்கியிருந்தது.

1920ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம் பெற்றது. ஆயினும், தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் அதனை உண்மையில் துய்க்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழைய சங்கமும் தன் எல்லைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 1914ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் அதன் காமாக் கிளை தோன்றியது. 1935 முதல் 1942 வரை, கோடைதோறும் அதன் உறுப்பினர்கள் மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர்களுக்கு மருத்துவத் தொண்டு செய்யச் சென்றனர். டாக்டர் டாரதி ஃபெரிபி என்னும் பெண் மருத்துவர் தலைமை தாங்கினார். தோட்ட முதலாளிகள் தொழிலாளரை மருத்துவ முகாமுக்கு விட மறுத்தபோது, இவர்கள் மருந்துகளை மோட்டார் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே சென்றனர். அம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் எதிராகப் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டனர். பொதுவாழ்வில் இறங்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டில் இளையோர் கேட்டதும் இதுதானே! பிரிந்தவர் கேட்டதைப் பிரியாதவரும் செய்தனர்.

1930ஆம் ஆண்டில் ஹோவர்டு வளாகத்திலேயே, கறுப்பின மாணவர் சங்கங்களுக்குப் பொதுவான பேரவை ஒன்று அமைந்தது. அதில் இவ்விரு சங்கங்களும் தொடக்க உறுப்பினர்களாக ஒருங்கே அமர்ந்தன. பெயர் ஒன்றாகவில்லை, பணி ஒன்றாயிற்று.

இச்சங்கங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிலரைச் சேர்ப்பது என்றாலே, பலரை வெளியே நிறுத்துவது என்றும் ஆகிறது. புதியவர்களைச் சேர்க்கும் சடங்குகள் பல சங்கங்களில் பகடிவதையாகச் சீரழிந்ததும் உண்டு. 1990ஆம் ஆண்டில் அப்பேரவையைச் சேர்ந்த சங்கங்கள் பழைய பயிற்சிக் கால முறையைக் கைவிட முடிவு செய்தமைக்கு இதுவே காரணம். உடன்பிறப்பு என்று பெயரிட்டுத் துன்புறுத்துவது உடன்பிறப்பு ஆகாது.

ஆல்ஃபாக் கிளைக்கும் நம் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1986ஆம் ஆண்டில் அக்கிளையில் சேர்ந்த மாணவியருள் ஒருவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனாரின் ஊர் மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம். 2021 முதல் 2025 சனவரி வரை கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக விளங்கினார். ஒன்பது மாணவியர் தொடங்கிய கிளையில் 78 ஆண்டுகளுக்குப் பின் ஒருத்தி சேர முடிந்தது என்றால், இடையில் எத்தனை தலைமுறை அதனைக் காத்திருக்க வேண்டும்!

இப்போது நம் நாட்டு நிலையைச் சற்று நோக்குவோம். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், இலக்கிய மன்றத்துக்குப் பொன்விழாக் கொண்டாட விரும்பினோம். மன்றம் எந்த ஆண்டில் தொடங்கியது என்று காட்ட ஓர் ஏடும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய செயலாளர் புதிய குறிப்பேடு வாங்கினார். பழையது எங்கே என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே அம்மன்றம் ஐம்பது ஆண்டுகள் வாழவில்லை. ஐம்பது முறை பிறந்தது, அவ்வளவே.

சங்கம் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு வருவோம். சென்றவர்க்கு மட்டும் உரியதாயின், அது நினைவுச் சின்னமாகிவிடும். இருப்பவர்க்கு மட்டும் உரியதாயின், ஆண்டுதோறும் அழியும். ஹோவர்டு மாணவியர் கண்ட விடை இதுதான்: மூத்தோர் அதனைப் பதிவு செய்து காக்க வேண்டும், இளையோர் அதனை வீதிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே அவ்விரண்டும் சேர்வதற்குள் ஒரு பிரிவு நேர்ந்தது. நீங்கள் பிரியாமலே இரண்டையும் செய்யலாம். உங்கள் மன்றத்தின் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுங்கள்; அதில் இவ்வாண்டின் பணியை எழுதுங்கள்; எழுதத் தக்க பணி ஒன்றைச் செய்துவிட்டு எழுதுங்கள். நாளை அதனைப் படிக்கப்போகும் தங்கையை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். ஆயினும் அவளுக்கு நீங்கள் அக்காதான்.