கரும்பு டிரெய்லர்: இழுப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்!

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் கரும்பு காய்ந்து எடை குறையும். சர்க்கரைச் சத்தும் இறங்கிவிடும். இந்த அவசரத்தில்தான் இரண்டு நடைக்கான கரும்பை ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு, முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இரவோடு இரவாகக் கிளம்புகிறோம். உழவுக்கு வாங்கிய டிராக்டர் அவ்வளவு பாரத்தையும் இழுத்துவிடும். அதை நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

பின்னால் இருந்து தள்ளும் பாரம்

45 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். டிரெய்லர் ஒன்றரை டன், கரும்பு 6 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒன்பதரை டன். நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்கள்தான் அத்தனையையும் பிடித்து நிறுத்த வேண்டும். திடீரென்று பிரேக் அடித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் தள்ளும். டிராக்டர் குறுக்கே திரும்பிக் கவிழ்வது இப்படித்தான்.

வேகம் 15 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால், பிரேக்குக்கு வேலை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. பாரத்தோடு போகும்போது நிதானம்தான் முதல் பிரேக்.

உழவில் திரும்புவதற்காக இடது, வலது பிரேக் மிதிகளைத் தனித்தனியாக விட்டிருப்போம். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் இணைத்துப் பூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு திரும்பும்.

ஏற்றுவதில் இருக்கிறது பாதி

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். பின்பக்கம் அதிகமானால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பு குறையும். முன்பக்கம் மிக அதிகமானால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. உயரமாக அடுக்கினால் வளைவில் சாயும். தோகையைச் சுத்தமாகக் கழித்து ஏற்றினாலே உயரம் குறையும்.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் கிளட்சை மிதிப்பதும் நியூட்ரலில் விடுவதும் உயிருக்கு உலை வைக்கும். ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

இரவில் தெரிய வேண்டும்

இருட்டில் வேகமாக வரும் பைக்காரருக்கு, நம் டிரெய்லர் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். தொங்கும் கரும்பு பின் விளக்கை மறைக்கக் கூடாது. பழுதாகி நின்றால் ரோட்டை விட்டு இறக்குங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னால் தூரத்திலேயே எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். பாட்டுப்பெட்டி அலறினால் பின்னால் வருபவரின் ஹாரன் காதில் விழாது.

பாரத்தின் மேல் ஆள் ஏறக் கூடாது

வெட்டு ஆட்களைக் கரும்பின் மேல் உட்கார வைத்து அழைத்துப் போவதை இன்றோடு நிறுத்துங்கள். விபத்து என்று வந்தால், டிரெய்லரில் ஆள் ஏற்றியதைக் காட்டியே இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். பாலிசியில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா, வாடகைக்கு ஓட்டினால் அதற்கும் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதிக பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

கிளம்பும் முன்

* கொக்கி பின், அதன் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி சரியா?
* உழவுக்காகக் குறைத்த டயர் காற்றை நிரப்பியாயிற்றா?
* டிஃபரன்ஷியல் லாக் விடுபட்டிருக்கிறதா?
* போகும் வழியில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதி அதிகமாகச் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் பேரிங்கில் கோளாறு.

ஒரு நாளில் வண்டி எவ்வளவு ஏற்றுமோ அவ்வளவு கரும்பை மட்டும் வெட்டுங்கள். ஆலையின் கரும்பு அலுவலரிடம் முன்பே பேசி, வெட்டையும் நடையையும் பிரித்துக்கொண்டால் கரும்பும் காயாது, இரவு ஓட்டமும் குறையும். கூடுதல் நடைக்கு ஆகும் டீசலைச் செலவாக நினைக்காதீர்கள். ஓட்டுபவர் வீடு திரும்புவதற்கான கூலி அது.