ஸ்கேனில் குழந்தை வெயிட் கம்மியா? முதல் ரிப்போர்ட்டை தூக்கிப் போடாதீங்க!

"குழந்தை வெயிட் கம்மியாம், ஸ்கேன்ல போட்டிருக்கு..." அரசு ஆஸ்பத்திரிகளின் வாசலில் இப்படி கண்கலங்கி நிற்கும் கர்ப்பிணிகளைப் பார்க்கலாம். "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே" என்று கூட வந்த மாமியார் முறைப்பதும் உண்டு.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை தராசில் வைத்தா நிறுக்க முடியும்? ஸ்கேன் மெஷின் அளப்பது எடையை அல்ல. ரிப்போர்ட்டில் உள்ள பி.பி.டி. என்பது தலையின் அகலம், எச்.சி. தலையின் சுற்றளவு, ஏ.சி. வயிற்றின் சுற்றளவு, எப்.எல். தொடை எலும்பின் நீளம். இவற்றை வைத்து கம்ப்யூட்டர் போடும் கணக்குதான் அந்த எடை. இதில் 10 முதல் 15 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். 2 கிலோ என்று போட்டிருந்தால் 1,800 கிராமாகவும் இருக்கலாம், 2,200 கிராமாகவும் இருக்கலாம்.

கடைசி மாதங்களில் குழந்தை வாரத்துக்கு சுமார் 200 கிராம்தான் ஏறும். அதனால் பயந்துபோய் 4 நாளில் வேறு சென்டரில் மறுபடி ஸ்கேன் எடுப்பது காசுக்குத்தான் கேடு. குறைந்தது 2 வாரம் இடைவெளி விட்டுப் பார்த்தால்தான் குழந்தை வளர்கிறதா என்பது தெரியும்.

பலர் ஏமாறும் இடம் பிரசவ தேதி. 3 மாதத்துக்குள் எடுக்கும் முதல் ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து சொல்லும் தேதிதான் சரியானது. அது அதிகபட்சம் ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கணக்குப்படி 32 வாரம் ஆகியிருக்க, புது ரிப்போர்ட் '29 வாரம்' என்று காட்டினால், "தேதி தள்ளிப் போச்சு" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். தள்ளிப் போனது தேதி அல்ல, குழந்தையின் வளர்ச்சி பின்தங்கி இருக்கலாம். முதல் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் டாக்டர் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

அம்மா, அப்பா சிறிய உடல்வாகு என்றால் குழந்தையும் சிறிதாக இருப்பது இயல்பு. ஆனால் நஞ்சு வழியாக சத்து சரியாகப் போகாத குழந்தைக்கு முதலில் வயிற்றுச் சுற்றளவுதான் குறையும், தலை அவ்வளவு சீக்கிரம் குறையாது. தாய்க்கு பி.பி. இருந்தால் இந்த ஆபத்து அதிகம். அப்போது தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று 'டாப்ளர்' ஸ்கேனில் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட் 'நார்மல்' என்றே இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தால் அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.